மூன்று மணி இலை

முத்தையன்கட்டு வாய்க்காலுக்கு அப்பால்
அரை ஏக்கர் மரவள்ளி.
பன்றிக் காவலுக்குப் போகிற நிமலரூபனிடம்
ஐந்து கடித உறைகள் கொடுத்துவிட்டேன்.
ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஐந்தரை.
உறைக்கு ஓரிலை.
பிடுங்கின கையோடு
சுடுதண்ணிப் போத்தல் மூடிக்குள் அமிழ்த்து,
இல்லாவிட்டால் உறைக்குள்ளேயும் அது
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்றேன்.

ஆய்வுகூடத்தில் கரண்ட் இல்லை.
முற்றத்து விறகடுப்பில் பானை கொதித்தது.
நெருப்பை அணைத்த பிறகே மதுசாரம்.
பச்சை முழுக்கக் கழன்று
பழைய கடதாசியாய் வெளிறின இலைகள்.
பிறகு அயடீன்.

ஆறு மணி இலை கறுத்தது.
பகல் முழுக்க வெயில் குடித்து
காற்றையும் தண்ணீரையும் சீனியாக்கி,
சீனியாகவே விட்டால் தண்ணியை இழுக்குமென்று
மணி மணியாய் மாவாக்கி அடுக்கிய கறுப்பு.
ஒன்பது, கருநீலம்.
பன்னிரண்டு, மாரிக்கு முந்தின வானம்.
நாலாவது உறைக்குள் ஒன்றுமில்லை.

“ஆனை வந்தது மிஸ்.
வெடி கொளுத்தினன். பிறகு
கொட்டிலுக்குள்ள கண் அயந்திட்டுது.”

ஐந்தரை இலை வைக்கோல் நிறம்.
நரம்போரம் மட்டும் ஒரு மங்கல்,
பானை அடியில் விட்டுவைத்த ஒரு பிடி.

“ஆர் மிஸ் களவெடுத்தது?”

ஒருவருமில்லை. மாவைத் திரும்பச் சீனியாய் உடைத்து
காம்பு வழியே கீழே அனுப்பியிருக்கிறது.
கிழங்கு அதை மறுபடி மாவாக்கிக்கொள்ளும்.
இவ்வளவு மா, இவ்வளவு இருட்டு,
ஆகவே மணிக்கு இவ்வளவு.
அவசரப்பட்டால் விடியுமுன் பட்டினி.

நிவாரண அரிசியைச் சுண்டால் அளந்த
அம்மாவின் கை எனக்குத் தெரியும்.
அடுத்த லொறி எப்போதென்று அந்தக் கைக்குத் தெரியாது.
இலைக்குத் தெரிகிறது,
எத்தனை மணிக்கு வெளிக்குமென்று.

வரைபுத்தாளில் நான்கு புள்ளி வைத்தான்.
மூன்று மணிக்கு மேல் பென்சில் நின்றது.
“நேராத்தானே இறங்கும், கோடு போடட்டே?”
போடாதே.
நீ நித்திரை கொண்ட நேரம் அது என்ன செய்ததென்று
நானும் காணவில்லை, நீயும் காணவில்லை.

இடைவேளைக்கு அவன் அவிழ்த்தது
பன்றி கிளறிப்போட்டதில் மிஞ்சிய பாதிக் கிழங்கு,
உப்பில்லாமல் அவித்தது.
ஒரு துண்டில் மிச்ச அயடீனைச் சொட்டினான்.
சட்டென்று நடுச்சாமம்.
மற்றத் துண்டை வாயிலிட்டு
நெடுநேரம் விழுங்காமல் மென்றான்.

“இப்ப இனிக்குது மிஸ்,” என்றான்,
கண் இன்னும் அரைத் தூக்கத்தில்.