சிலிங்குக்கு மேலே

நிந்தவூர். மத்தியானம் இரண்டரை.
அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கும் சிலிங்குக்கும் நடுவே
றிஸ்கான் பாஸ் வயிற்றால் ஊர்ந்து போகிறார்,
ஒரு கையில் ரோச், மறு கையில் சந்தனக்குச்சி.
ஏசிக் குழாய் நெடுகப் பிடித்துப் பார்க்கிறார்.
புகை நேரே எழும்பினால் சரி,
சாய்ந்தால் ஓட்டை.

மேலிருந்து கணக்கு இறங்குகிறது:
"பொருத்தெல்லாம் விட்டுக் கிடக்கு ராத்தா.
டேப் ஒம்பதாயிரம். ஃபோம் முப்பத்தொண்டு.
கூலி பிறகு பேசுவம்."
கறண்ட் பில்லின் பின்பக்கம் எழுதுகிறேன்.
கூட்டி முடிக்குமுன்
மேலே சத்தம் நின்றுவிட்டது.

"பூனை குட்டி போட்டிருக்கு.
கிழிசலுக்குப் பக்கத்தில. நாலு.
இந்த இடம் மட்டும்தான் குளிர்."

இரண்டு வருஷமாய்
யாருடைய பில்லைக் கட்டினேன் என்று
விளங்கிற்று.

"இப்பவே ஒட்டவா?"

கூலிக்குக் கீழே
இன்னொரு மாதத்து பில்லையும்
எழுதிக்கொண்டேன்.