வாசல் கணக்கு

வாசல் ஒன்றுக்கு வீடு ஒன்று.
சபையின் சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.
சிவப்புப் பெயின்ட் டின்னும் ஒரு அங்குலத் தூரிகையுமாய்
கிராண்ட்பாஸ் ஐம்பத்தாறாம் தோட்டத்துக்குள்
நான் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை.

ஆட்களை எண்ணச் சொல்லவில்லை.
அடுப்புகளையும் எண்ணச் சொல்லவில்லை.
முப்பத்தோராம் வாசலுக்குள் மூன்று அடுப்புகள் இருந்தன:
கொரற்றியுடையது, அவள் தம்பியுடையது,
ஏணி வைத்து ஏறும் பலகைத் தட்டில்
போன மாதம் கல்யாணமான மகளுடையது.
"மூணு உலை கொதிக்குது. மூணு குடும்பம்னு எழுதுங்க தம்பி."
"கதவு ஒன்றுதானே அக்கா" என்றேன்.
எனக்குச் சம்பளம் தருகிற வசனம் அது.

அன்றிரவு தோட்டத்தில் யாரும் படுக்கவில்லை.
காலையில் மிச்ச வேலைக்குப் போனால்
சுவரெல்லாம் வாய் திறந்து நிற்கிறது.
சீமெந்து ஈரம் காயவில்லை.
தேயிலைப் பெட்டி உடைத்துச் செய்த கதவு.
தேர்தல் பதாகையை ஆணியடித்த கதவு,
அதில் பாதி முகம் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தது.
பொதுக் குளியலறையிலிருந்து பெயர்த்து வந்த கதவு;
அங்கே இப்போது ஒரு பழைய சாரம் தொங்கியது.
ஒன்றைத் திறந்தேன்.
ஒரு சாண் தள்ளி இன்னொரு சுவர்.
அந்த ஒரு சாணுக்குள் ஒருக்களித்து நின்றுகொண்டு
பாஹிமா சொன்னாள்:
"வாங்க சேர், இதுதான் எங்கட ஊடு."

மேலதிகாரி சிரித்தார்.
"நாப்பத்தெட்டு வாசல் விடியிறதுக்குள்ள குட்டி போட்டிருக்கு.
பழசுக்கு மட்டும் நம்பர் போடு"
என்று சொல்லிவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனார்.

நானும் வாடகைக்காரன்தான்.
வத்தளையில் ஒன்றரை அறை,
ஜனவரி பிறந்தால் வீட்டுக்காரரின் குரல் மாறும்.
சபையின் வீட்டுக்கு நானே போட்ட விண்ணப்பம்
நான் வேலை செய்யும் அதே மாடியில்
ஏழு வருடமாய்ப் பரிசீலனையில் இருக்கிறது.

புதுக் கதவுகளில் பதினொன்றுக்கு எண் போட்டேன்.
31/1, 31/2 என்று அவசரமாய், சாய்வாய்.
பன்னிரண்டாவதற்கும் டின்னில் பெயின்ட் இருந்தது.
தெருமுனையில் மேலதிகாரியின் சப்பாத்து கேட்டது.
மூடியை அழுத்தி மூடிவிட்டேன்.

நான்கு வருடம் கழித்து
நிலுவை அறிவித்தலோடு அதே ஆட்களிடம் அனுப்பினார்கள்.
லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடி.
ஆறாவதில் மூச்சு வாங்க நின்றபோது
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன,
அதற்குக் கீழே எங்கோ தோட்டம் இருந்த இடம்,
தகரம் அடைத்து, விளம்பரம் ஒட்டி.

கொரற்றியின் மகள் கதவைத் திறந்தாள்.
குழாயில் தண்ணீர் வருகிறது.
உள்ளே தாழ்ப்பாள் போடும் கக்கூசு இருக்கிறது,
அதை முதலில் காட்டினாள்,
ராத்திரியில் துணைக்கு ஆள் எழுப்ப வேண்டாமாம்.
பிறகுதான் கணக்குச் சொன்னாள்:
இடியப்பம் வாங்க ஒன்பது மாடி யாரும் ஏறுவதில்லை.
வாளியில் கட்டி இறக்கினால்
மூன்றாம் மாடிக்காரி முறைப்பாடு எழுதுகிறாள்.
பராமரிப்புக் காசு, தண்ணீர்க் காசு, தவணைக் காசு.
"தோட்டத்துல கடன் சொல்லலாம் சேர். இங்க யாருகிட்ட சொல்றது?"
என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாளிகளைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு பலகை,
அதில்தான் மா பிழிகிறாள்.
தலைகீழாய், மாவுக்கடியில் பாதி மறைந்து
31/2.
என் கையெழுத்து.

பார்த்ததை அவளும் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.
அறிவித்தலை அந்தப் பலகையில் வைத்தே ஒப்பமிட்டாள்.

பாஹிமாவைக் கேட்டேன்.
வெல்லம்பிட்டியில் வாடகைக்கு இருந்தாள்,
போன வெள்ளத்துக்குப் பிறகு தெரியாது என்றாள்.

மறுநாள் மா ஒட்டிய தாளைக் கோப்பில் சேர்த்தேன்.
கோப்பு எண் 31/2, ஒன்பதாம் மாடி.
அலுமாரியில் பாஹிமாவின் பெயரையும் தேடினேன்,
இல்லை என்று தெரிந்துகொண்டே.
அந்த ஒரு சாண் வீட்டுக்குக் கோப்பு திறக்கப்படவில்லை.