நகராத ஓட்டம்

குசெராவின் சோளக்காட்டில்
முப்பது கோடை தண்ணீர் இறைத்த எஞ்சின்.
இருநூறு டாலர். ஒரே நிபந்தனை:
உள்ளே இருக்கும் எலிக்கூட்டையும்
நானே எடுத்துப் போக வேண்டும்.

நெப்ராஸ்காவின் பிப்ரவரி.
ஸ்பானர் விரலோடு ஒட்டிக்கொள்கிறது.
வால்வுகளைக் கழற்றி
முட்டை அட்டையில் வரிசையாக நட்டேன்,
டஜனுக்கு ஒன்று குறைவு.
ஏழாவது கருகிப்போயிருந்தது.
காலிக் குழியில் லெனோரா
ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

சிலிண்டருக்குள் விரல் விட்டுத் தடவினேன்.
மேல் விளிம்பருகே நகம் தடுக்கும் ஒரு படி.
பிஸ்டன் வந்து வந்து திரும்பிய இடம்.
அத்தனை கோடி சுற்று,
ஓர் அடி முன்னால் போனதில்லை.

வளையங்களை அமுக்கிப் பிடித்து
சுத்தியல் பிடியால் தட்டி இறக்கினேன்.
ஐந்து பிஸ்டன் இறங்கிற்று.
ஆறாவதில் வளையம்
டக்கென்று உடைய,
நான் சொன்ன வார்த்தைக்கு
நாய் எழுந்து வெளியே போனது.

ஏப்ரல் கடைசியில்
ஐம்பத்தாறாம் வருடத்துப் பிக்கப்பின் வயிற்றில்
அது இருமியது, நீலமாய்ப் புகைந்தது,
நின்றது. மறுபடி இருமி
பிடித்துக்கொண்டது.

லெனோரா கோட்டைக்கூட மாட்டாமல் ஏறினாள்.
“எங்கே?”

கிளட்சை விட்டேன்.
வேலியின் முதல் கம்பம்
மெல்லப் பின்னால் போனது.