கூடப் பிறந்தவன்

மூன்றாம் பாகம், ஆறாவது எபிசோட்,
நாற்பத்தோராம் நிமிடம்.
விசாரணை அறை. மேசைக்கு அந்தப் பக்கம்
அண்ணனைக் கொன்றவன் மூக்கைச் சிந்தி அழுகிறான்.
இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் மார்ஃப்லீட்
பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்கிறார்:
"எனக்குக் கூடப் பிறந்தவர் யாருமில்லை."
அவ்வளவுதான். அடுத்த காட்சியில் கடல்.

முப்பது வருஷம் கழித்து
முன்கதை என்று ஒன்றை எடுத்துவிட்டார்கள்.
அதே மார்ஃப்லீட், இருபத்து மூன்று வயது,
தலை நிறைய முடி, காது மட்டும் பொருந்தவில்லை,
ஹல் துறைமுகத்தில் மீன்வாடைக்கு நடுவே ஒரு கான்ஸ்டபிள்.
இரண்டாம் ஞாயிறு இரவு
கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஒருவன் வந்து
நனைந்த கோட்டை அவர் மடியிலேயே எறிந்து
"என்ன போலீஸ்காரரே, சோற்றுக்கு வழியுண்டா?" என்கிறான்.
தம்பி.

மறுநாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஒரு விரிப்பும் ஓரம் சேர்ந்து மடியவில்லை.

எழுதினவன் பழசைப் பார்க்கவே இல்லை என்றான் கென்னி ஆக்ராய்ட்.
பழைய தொடர் முழுவதையும்
விளம்பரங்களோடு டேப்பில் வைத்திருப்பவன்,
நின்றுபோன சோப்புக் கம்பெனியின் பாட்டும் அவனுக்கு மனப்பாடம்.
வேறு அம்மாவாக இருக்கும் என்றாள் ப்ரெண்டா.
"வேறு அம்மாவுக்குப் பிறந்தவன் தம்பி இல்லையா?"
அதற்கு அவள் டீ ஊற்றப் போய்விட்டாள்.
போலந்திலிருந்து வந்த புதிதில்
மார்ஃப்லீட்டைப் பார்த்தே ஆங்கிலம் பழகிய அக்னியெஷ்கா
ஒரே வார்த்தையில் முடித்தாள்: சாவான்.

அதுதானே கணக்கு.
முன்கதையில் நாயகனைச் சுட்டாலும் குண்டு வழிவிடும்,
முப்பது வருஷம் அவன் இருந்தாக வேண்டும்.
பின்கதையில் பெயர் இல்லாதவர்களுக்குத்தான்
ஒவ்வொரு படிக்கட்டும் வழுக்கும்.
பிஸ்கட் டப்பாவில் காசு போட்டோம்,
எந்த வாரம், எதனால் என்று.

மூன்றாம் வாரம் அவன் மோட்டார் சைக்கிள் வாங்கினான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
விற்றுவிட்டான்.
நான்காம் வாரம் ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போய்
சளியோடு திரும்பினான்.
ஐந்தாம் வாரம் கத்தி, யாருக்கோ.
கடைசி ஞாயிறு, கப்பல் படகுத்துறை விட்டுக் கிளம்புகிறது,
தம்பி மேல்தளத்தில் நின்று கையசைக்கிறான்.
கான்ஸ்டபிளின் கை பாக்கெட்டிலேயே இருக்கிறது.
எழுத்துகள் ஓடுகின்றன.

இதுவா முடிவு என்று கென்னி கத்தினான்.
அவன் சாகவே இல்லையே, பிறகு ஏன் இல்லை என்றார்?

இஸ்திரி உருளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
ஏழு வாரமாக வாய் திறக்காத மார்ஜரி ஸ்டெப்னி சொன்னாள்:
"போன வருஷம் இடுப்பு ஆபரேஷனுக்கு முன்னால்
நெருங்கிய உறவு யார் என்று கேட்டார்கள்.
யாருமில்லை என்று எழுதினேன்.
பெவர்லியில் இருக்கிறாள். பஸ்ஸில் நாற்பது நிமிஷம்."

உருளை ஒரு தலையணை உறையைத் துப்பியது.
அடுத்ததையும் கொடுத்தாள்.

கென்னி அன்றிரவு மறுபடியும் போட்டுப் பார்த்தானாம்.
நாற்பத்தோராம் நிமிடம்.
பென்சில் மூன்று முறை தட்டுகிறது,
"கூடப் பிறந்தவர்" என்ற இடத்தில் நிற்கிறது,
பிறகுதான் நான்காவது.
இத்தனை வருஷம் அதை டேப்பின் இழுப்பு என்று நினைத்திருந்தான்.
இருக்கலாம்.
நடித்தவரிடம் கேட்க முடியாது, போய்ச் சேர்ந்துவிட்டார்.
கேட்டாலும் அவருக்கு என்ன தெரியும்,
அன்றைக்கு அந்தத் தம்பியை யாரும் எழுதியிருக்கவில்லை.

டப்பாவில் ஆறு பவுண்டு நாற்பது பென்னி.
யாரும் ஜெயிக்கவில்லை, எடுக்கவும் மனசில்லை.
ப்ரெண்டா மட்டும் ஒருமுறை
மார்ஜரிக்கு பஸ் சில்லறை வேண்டுமா என்று
விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டாள்.
மார்ஜரி விரிப்பின் இரண்டு முனையை நீட்டினாள்,
பிடி என்று.