திரும்பி வருவதற்கான சான்று

யார்க் நகரத்தில் மதில்மேலேயே நடக்கலாமாம்.
இரண்டு வருடம் சேர்த்த பணத்தில்
முதலில் வாங்கியது கணுக்கால் மூடும் ஷூ,
பிறகு அறுபது பவுண்டு.
கடைசியாக வந்தது கடிதம்:
தாங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்குப்
போதிய சான்று இல்லை.
பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக்.

நாற்பத்தாறு வயது, தனியாள், வாடகை வீடு.
அவர்கள் கூட்டியதில் தப்பில்லை.
நானும் அம்பத்தூரில் கணக்குதான் எழுதுகிறேன்.

லீவை ரத்து செய்யவில்லை.
ஷூவைப் போட்டுக்கொண்டு
காலை சப்தகிரியில் ஏறிவிட்டேன்.
எதிர் சீட்டில் ஒரு குடும்பம்.
"மொட்டையா, வெறும் தரிசனமா?"
சுற்றிப் பார்க்க என்றேன்.
எதை என்றார்கள்.
சந்திரகிரி என்றதும்
புளியோதரைப் பொட்டலம் ஒன்று என் மடிக்கு வந்தது.

திருப்பதியில்
மொத்த ரயிலும் மலைப் பக்கம் திரும்பியது.
நான் ஒருத்தி மட்டும்
வேறு பஸ்ஸைத் தேடினேன்.
போர்டு படிக்கத் தெரியவில்லை,
அது எனக்குப் பிடித்திருந்தது.
முக்கால்வாசி எழுத்தின் தலையிலும் சின்னதாய் ஒரு டிக்,
ஊரையே யாரோ தணிக்கை செய்து முடித்த மாதிரி.
மளிகைக் கடைக்கு டிக்.
சைக்கிள் கடைக்கு டிக்.
ஆஸ்பத்திரிக்கும் ஒயின் ஷாப்புக்கும்
பாரபட்சமில்லாமல் டிக்.

அந்நியமாக இருக்க என்னால் ஆனதைச் செய்தேன்.
விடவில்லை.
எவ்வளவு என்பதற்கு
'எந்த' என்று படித்து வைத்திருந்தேன்,
வாயைத் திறந்ததுமே
இட்லிக் கடை நாகரத்தினம்மா தமிழுக்கு மாறினாள்.
"மெட்ராஸா? எங்க மரிதி பெரம்பூர்லதான்."
மரிதி என்றால் கொழுந்தனாம்.
காரச் சட்னியில் கண் கலங்கியது.
அது மட்டும் வெளிநாடு.

வெள்ளிக்கிழமை, அரண்மனைக்கு விடுமுறை.
அதையும் படிக்கத் தெரியாமல்
கம்பிக் கதவை ஆட்டிக்கொண்டிருந்தேன்.
காவலில் இருந்த ஓபுலேசு
"ரேபு" என்றார்.
நாளை. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும்.

அதனால் கோட்டை மதிலோரம் போனேன்.
இடிந்து சரிந்த இடமாகப் பார்த்து ஏறினேன்.
ஷூ கல்லைப் பிடித்துக்கொண்டது.
ஒரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை,
மறுபக்கம் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத டிராக்டர்,
அதற்குத் திசை சொல்ல ஏழு பேர்.
இருபத்தெட்டு அடி, எண்ணித்தான் வைத்தேன்.
மதில்மேல் நடந்தாயிற்று.

மறுநாள் டிக்கெட் ஜன்னலில்
இந்தியருக்கு ஒரு விலை,
வெளிநாட்டவருக்குப் பத்து மடங்குக்கு மேல்.
பர்ஸைத் திறந்ததும் பவுண்டுதான் எட்டிப் பார்த்தது.
"ஒரு பாரினர் டிக்கெட்" என்றேன்.
இன்று ஜன்னலுக்குள் இருந்தவரும் ஓபுலேசுதான்.
ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்,
மலிவுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மாடிக் கூடத்தில்
ஒரு பள்ளிக்கூடக் கும்பலுக்குப் பின்னால் நின்றேன்.
வாத்தியார் தெலுங்கில் சொன்னது பாதி புரிந்தது.
இங்கேதான், என்கிறார்கள்,
கடலோர மணல்துண்டு ஒன்றைக்
கப்பலில் வந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தது.
அந்த மணலுக்குப் பின்னால்தான் வளர்ந்தன
பாரிமுனை, எழும்பூர், பேசின் பிரிட்ஜ்,
மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு
என் ஒற்றைப் படுக்கையறை.

டவுட் இருக்கா என்றார் வாத்தியார்.
பசங்களோடு நானும் கையைத் தூக்கிவிட்டேன்.
வாங்கினவர்கள் திரும்பிப் போவார்கள் என்பதற்கு
ராஜா என்ன சான்று கேட்டார்?
அவ்வளவு தெலுங்கு எனக்கு வராது.
தூக்கிய கையால்
முடியைச் சரிசெய்துகொண்டேன்.

ராத்திரி அக்கா போன் செய்தாள்.
"தரிசனம் ஆச்சா?"
திருப்பதி வரை வந்து மலை ஏறாதவளை
அவள் மன்னிக்க மாட்டாள்.
ஆச்சு என்றேன். நல்ல கூட்டம் என்றேன்.

திரும்பும் டிக்கெட்டை
புறப்படும் முன்பே எடுத்து வைத்திருந்தேன்,
ஞாயிறு மாலை, ஜன்னலோரம்.
ஞாயிறு காலை நாகரத்தினம்மா
எப்போ ஊருக்கு என்று கேட்டாள்.
ரேபு என்றேன்.

திங்கட்கிழமையும் கேட்டாள்.
அதையேதான் சொன்னேன்.