பதினோரு நாள்

என் தம்பி வெர்லின் தகடுகளை உப்புத்தாளால் தேய்க்கிறான்,
குறுக்கே ஒரு முறை, எதிர்க்குறுக்கே ஒரு முறை.
வழவழப்பில் குமிழி ஒட்டிக்கொள்ளுமாம்.
கீறல் இருந்தால்தான் பிடியை விட்டு மேலே வருமாம்.
எனக்குத் தெரிந்த கல்யாணங்களுக்கும் இது பொருந்தும்,
என்னுடையது உட்பட.
சொல்லவில்லை.

மைனாட்டுக்கு மேற்கே, வடக்கு டகோட்டா, ஜனவரி.
சோதனைக்கு முன்னால் ஹீட்டரை அணைத்துவிடுவான்.
அந்த அளவுக்குப் புத்தி உண்டு.
அதனால் ஹைட்ரஜனுக்காக நாங்கள் விறைக்கிறோம்.

ஏழு தகடு,
மூடிப்போன ஸ்டேக் ஓட்டலின் சமையல் மேசையை அறுத்தது.
நடுநடுவே டிராக்டர் டியூப் வெட்டிய ரப்பர் வளையம்.
பேட்டரித் தண்ணீர்.
சோப்பு காய்ச்சுகிறவர்களுக்கு விற்கிற பொட்டாஷ் காரம்,
கையுறையோடு, ஒரு கரண்டி, பிறகு அரை, பிறகு நுனியளவு.
கூடிப்போனால் ஒயர் மணக்கும்.
குறைந்தால் நாலு குமிழி வந்து
நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

முள் பதினாலில் நிற்கவேண்டும்.
பன்னிரண்டில் தூங்குகிறது.
பதினெட்டுக்கு எகிறுகிறது.
திருகை மயிரிழை திருப்பி, மூச்சை அடக்கி,
பதினாலு.
"இப்போ!"
கவிழ்த்த பாட்டிலுக்கு நான் கடிகாரம் பிடிக்கிறேன்.
ஒரு லிட்டர், எழுபத்தோரு விநாடி.
சோப்பு நுரையில் நீளத் தீக்குச்சி.
டப்.
நாய் சலவை மெஷினுக்குப் பின்னால்.
ஐம்பத்தாறு வயதுக்காரன் குதிக்கிறான்.

ஜன்னலுக்கு வெளியே
எண்ணெய்க் கிணறுகளின் தீ.
குழாயில் கொண்டுபோகக் கட்டுப்படியாகாத வாயுவை
விடியவிடிய எரித்துத் தீர்க்கிறார்கள்.
ஐந்து மைல் தூரத்துக்குப் பனி ஆரஞ்சு நிறம்.
இங்கே கரண்டிக் கணக்கு.

நோட்டு என் பொறுப்பு.
எடைமேடையில் லாரிக் கணக்கு எழுதுகிற கை,
யாருக்காகவும் ஒரு சைபர் கூட்டிப்போடாது.
செல் இல்லாத பியூக், கேலனுக்கு இருபத்தொரு மைல்.
செல்லோடு இருபத்திரண்டு.
பிப்ரவரி நடுவில் இருபத்தாறு!
செர்ரி பை வாங்கிவந்தான்.
விதைக்கடை ஆர்டெலிடம் சொல்லியும்விட்டான்,
அதாவது ஊருக்கே.

ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி துடைக்கிற தண்ணீர் ஊற்ற
பானட்டைத் தூக்கினேன்.
பச்சை ஃபியூஸ், முப்பது ஆம்பியர்,
உள்ளே கம்பி கருகி இரண்டாய்.
டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மட்டும் ஜம்மென்று எரிகிறது.
அதற்குச் சுவிட்சைத்தான் தெரியும்,
செல்லைத் தெரியாது.

நோட்டைப் புரட்டினேன்.
செல்லுக்குத் தண்ணீர் ஊற்றிய பத்தியில்
ஒரு கோடு, அதன்கீழ் ஒரு கோடு,
பதினோரு நாளாகக் கோடு.
என் கையெழுத்துத்தான்.
சைபர் கூட்டாத கை
சைபரைப் பார்க்கவும் இல்லை.

இருபத்தாறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால்,
அவன் வலது காலிலிருந்து.
விளக்கு எரிந்தால் முட்டைமேல் வைப்பதுபோல் மிதிக்கிறான்.
நிறுத்தப் பலகைக்கு அரை மைல் முன்பே காலை எடுக்கிறான்.
பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க
அறுபதைத் தாண்டுவதில்லை.
ஆர்டெலுக்கு இதை எப்படிச் சொல்வது?

வெர்லினிடம் சொன்னேன்.
தேய்ப்பதை நிறுத்தினான்.
"பதினோரு நாளுமா?"
"பதினோரு நாளும்."
தகட்டை விளக்குக்கு நேரே பிடித்து,
கீறல்களை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்து,
"அப்படின்னா அந்த விளக்கு நல்லா வேலை செய்யுது, ஆர்லிஸ்" என்றான்.

ஐந்து ஃபியூஸ் மூன்று டாலர்.
ஒன்றைப் போட்டுவிட்டு
மறுபடி முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான்,
பதின்மூன்றேகால், பதின்மூன்றரை.
நான் ஸ்கேல் வைத்து
நோட்டில் புதுப் பத்தி ஒன்று கிழிக்கிறேன்,
விளக்கு என்று தலைப்புப் போட்டு.
தீப்பெட்டியை அவன் இன்னும் தொடவே இல்லை.
நாய் எழுந்து போய்விட்டது.