ஆறாவது வார்டு

ஐப்பசி பிறந்து மூன்று மழைக்குள்
எங்கள் ஊராட்சிக்கு ஒரு தீவு முளைத்துவிடும்.
கல்லல் பக்கம் ஏதய்யா கடல் என்று
ஒன்றிய ஆபீசில் சிரிப்பார்கள்.
கடல் இல்லை, கண்மாய்.
நடுவில் ஒரு திட்டு, பதினோரு வீடு,
முப்பத்து நான்கு ஓட்டு,
உப்புக் கரிக்கும் ஓர் அடிபம்பு.
மயானம் மட்டும் இக்கரையில்.
கார்த்திகையில் செத்துத் தொலையாதே என்பது
அங்கே வசவு இல்லை, வேண்டுதல்.

முதலில் யார் ஏறினார்கள் என்பதற்கு
இரண்டு கணக்கு.
மடை திறக்க வந்து தங்கியவர்கள் நாங்கள் என்பார்கள்;
குமிழிக்கல்லில் எழுத்து இருக்கிறதாம்,
படிக்கப் போனால் பாசிதான் கையோடு வரும்.
நீர்ப்பிடிப்புப் புறம்போக்கு என்பது தாலுகா கணக்கு.
நான் எழுத்தர்.
ஆக்கிரமிப்பு நோட்டீசும்
நாற்பத்து நாலு ரூபாய் வீட்டு வரி ரசீதும்
ஒரே பையில் போட்டுக் கொண்டுபோவேன்.
வாங்கி, இரண்டையும் ஒரே ஆணியில் குத்தி வைப்பார்கள்.

போக்குவரத்து சேவுகனுடையது.
செட்டியார் வீடொன்றைப் பிரித்து விற்றபோது
நடுவே வெடித்ததென்று காரைக்குடிக் கடைக்காரர்
கழித்துப்போட்ட பர்மா தேக்குக் கதவு,
அடியில் நாலு நீல டிரம், கையில் ஒரு மூங்கில்.
ஒரு தடவை கடல் தாண்டி வந்த மரம்,
மறுபடி மிதக்கச் சொன்னால் மாட்டேன் என்குமா?
கிளி செதுக்கிய பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டிருந்தான்.
கெண்டைகள் பார்த்துக்கொள்ளட்டும்.
ஆளுக்கு ஐந்து ரூபாய். ஆட்டுக்கும் அதே.

தேர்தலில் அவனும் நின்றான், சீப்புச் சின்னம்.
அவன் தம்பி பெண்டாட்டி மலையரசி, பூட்டு சாவி.
இக்கரைப் பள்ளிக்கூடத்தில் சாவடி.
அத்தனை பேரையும் அவன்தான் தள்ளிக் கொண்டுவந்தான்,
தனக்குப் போடாத முகங்களையும்
எதிரே உட்காரவைத்து,
ஒரு வார்த்தை பேசாமல்.
எண்ணினால்
பதினேழு, பதினேழு.
அதிகாரி மறுபடி எண்ணினார். கண்ணாடியைத் துடைத்தார்.
டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் வரவழைத்தார்,
கழுவாத டம்ளர்.
குலுக்கிய சீட்டில் மலையரசி வந்தாள்.

கடைசி பஸ்ஸில் இருவரும் இறங்கினார்கள், நானும்.
கரையில் இருப்பதோ ஒரே கதவு.
ஏறு, என்றான் தோற்றவன்.
ஏறினாள்.
சேற்றில் மூங்கில் குத்தி எடுபடும் சத்தம்
பாதி தூரம் வரை கேட்டது.
அப்புறம் அவன் குரல்:
"அஞ்சு ரூபா."

அந்த அஞ்சு ரூபாயைப் பற்றித்தான்
அவள் கொண்டுவந்த முதல் தீர்மானம்.
இனி யாரும் தர வேண்டியதில்லை,
சேவுகனுக்கு ஊராட்சியே மாதச் சம்பளம் தரட்டும்.
கூடவே பாலம் கேட்டும் ஒன்று எழுதினோம்.

பாலத்துக்கு இடம் பார்க்க
இன்ஜினியர் வைகாசியில் வந்தார்.
கண்மாய்க்குள்ளேயே ஜீப்பை ஓட்டி
அடிபம்பு பக்கத்தில் இறங்கி
எதன் மேல் பாலம் என்று கேட்டார்.
பதினோரு வீட்டிலும் பதில் இல்லை.
ஆய்வு நாளில் நீர் காணப்படவில்லை என்று
அந்தக் கோப்பு முடிந்தது.

தணிக்கைக்காரர் அப்படி விடுகிற ஆள் இல்லை.
பங்குனி முதல் புரட்டாசி முடிய
தண்ணீரே இல்லாத ஏழு மாதம்
மிதவை தள்ளியவருக்குச் சம்பளம் எதற்கு?
ஒரு வாரத்துக்குள் விளக்கம் தருக.

விளக்கம் எழுத உட்கார்ந்த அன்று ஆனி மாதக் கூட்டம்.
ஜன்னலுக்கு வெளியே
பாளம் பாளமாய் வெடித்த களிமண்ணில்
மலையரசி நடந்து வருகிறாள்,
முந்தானை தலையில், தீர்மான நகல் கக்கத்தில்.
பத்தடி முன்னால் சேவுகன்,
தோளில் அதே மூங்கில்.
கலுங்குப் பள்ளத்தருகே நின்றான்.
காய்ந்த தரையில் ஒரு தரம் குத்திப் பார்த்தான்.
ஆழம், தள்ளி வா என்பதுபோல் கையைக் காட்டினான்.

அவள் சுற்றிக்கொண்டு வந்தாள்.